கால்தடத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: விலங்குகளின் கால்தடத்தை அடையாளம் காண ஒரு கையேடு வாங்கினேன். நேரில் பார்க்கும் தடம் ஒன்றுகூடப் புத்தகப் படம் மாதிரி இல்லை. நாய்க்கும் பொருந்துகிறது, சிறுத்தைக்கும் பொருந்துகிறது! புத்தகம் சரியில்லையா?

பதில்: புத்தகத்தில் தப்பில்லை. ஈர மண்ணில் விலங்கு நிதானமாக நடந்தால் எப்படிப் பதியுமோ அதை வரைந்திருப்பார்கள். நமக்குக் கிடைப்பதோ பாதி அழிந்தது, வழுக்கியது, இன்னொரு விலங்கு மிதித்துப் போனது. அதனால் படத்தோடு ஜோடி சேர்ப்பதை விட்டுவிட்டு முதலில் விரல்களை எண்ணுங்கள். நாய், நரி, பூனை, சிறுத்தை, புலி எல்லாம் நான்கு. கரடி, நீர்நாய், கீரிக்கு ஐந்து, ஆனால் ஐந்தாவது பல சமயம் பதியாது. மான், பன்றி என்றால் பிளந்த குளம்பு.

நாயா பூனையா என்பதுதான் எல்லோரையும் படுத்துகிற கேள்வி. நகம் பதிந்தால் நாய் என்பார்கள், பெரும்பாலும் சரிதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வழுக்கும் சேற்றில் பூனை இனமும் நகத்தை நீட்டும், சிவிங்கிப்புலிக்கு நகம் முழுசாக உள்ளே போவதே இல்லை, இறுகிய தரையில் நாயின் நகம் பதியாமலும் போகும். உள்ளங்கால் திண்டைப் பாருங்கள். பூனை இனத்துக்கு அது பெரியது, பின் விளிம்பில் மூன்று மேடுகள் இருக்கும், விரல்களில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்று முந்தி நிற்கும். நாய்த் தடம் நீள்வட்டம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. விரல்களுக்கும் திண்டுக்கும் நடுவில் ஒரு பெருக்கல் குறி போடலாம்.

அளவெடுக்கும்போது குழியின் மேல் விளிம்பை அளக்காதீர்கள், அடித்தளத்தை அளங்கள். இளகிய சேறும் உருகும் பனியும் தடத்தை விரித்துவிடும், சிறுத்தை புலியாவது இப்படித்தான். அப்புறம், ஒரே தடத்தோடு நிற்காமல் வரிசையைத் தொடருங்கள். நடக்கும் பூனை முன்கால் பட்ட இடத்திலேயே பின்காலை வைக்கும், தாவும் முயலுக்கோ பின்கால் தடம் முன்னால் விழும். காலையோ மாலையோ போங்கள், சாய்ந்த வெயிலில்தான் தடம் தெளியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

கேள்வி: தடத்தை வைத்து விலங்கின் உயரத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: யானைக்கு முடியும். முன்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். முன்கால் தடம் வட்டமாகவும் பின்கால் தடம் சற்று நீண்டும் இருக்கும், மாற்றி அளந்துவிடாதீர்கள்.