நிலவில் தோண்டியெடுப்பது யாருடையது? விண்வெளிச் சட்டம்: கேள்வி பதில்

சட்ட மாணவி: நிலவு எவருக்கும் சொந்தமில்லை எனில், அங்கு எடுத்த மண் மட்டும் எவ்வாறு சொந்தமாகும்?

பதில்: 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, இறையாண்மை கோரியோ பயன்படுத்தியோ குடியேறியோ எந்த நாடும் நிலவைத் தனதாக்கிக்கொள்வதைத் தடுக்கிறது, வெட்டியெடுத்த பொருளைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அமெரிக்கா 2015இலும், லக்சம்பர்க் 2017இலும், ஜப்பான் 2021இலும் தத்தம் சட்டங்களால் நிரப்பிக்கொண்டன. அப்பல்லோ பயணங்களில் வந்த 382 கிலோ கல்லும் மண்ணும் பெரும்பாலும் அமெரிக்க அரசின் உடைமையாகவே உள்ளன. சோவியத்தின் ஆளில்லாக் கலமான லூனா 16 கொண்டுவந்த துகள்கள் 1993இல் நியூயார்க்கில் ஏலம் போயின. ஆய்வு மாதிரிகளுக்குக் கிடைத்த இந்த இணக்கத்தை வணிகச் சுரங்கத்துக்கும் நீட்டுவதைத்தான் நான் ஏற்பதில்லை.

வாசகர்: இணையத்தில் நிலவு மனை விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: செல்லாது. நாடே உரிமை கோர முடியாத நிலத்துக்குத் தனியார் எப்படிப் பத்திரம் எழுதித் தருவார்?

பொறியாளர்: இந்தியாவின் நிலை என்ன?

பதில்: நிலவை மானுடத்தின் பொதுச் சொத்தாகக் கருதும் 1979ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 1982இல் கையெழுத்திட்டது, ஆனால் அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி உறுதிசெய்யும் பின்னேற்பை வழங்கவில்லை. நிலவு ஆய்வுக்கான நெறிகளை வகுத்து அமெரிக்கா முன்னின்று உருவாக்கிய ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2023 ஜூனில் இணைந்தது. அது அரசியல் வாக்குறுதியே தவிர, சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையன்று.

வழக்கறிஞர்: திறந்த கடலும் எவருக்கும் சொந்தமில்லை; ஆயினும் பிடித்த மீன் பிடித்தவருக்கே. நிலவுக்கும் அதுவே பொருந்தாதா?

பதில்: மீன் இனப்பெருக்கம் செய்யும், நிலவின் தென்துருவத்தில் வெயில் படாத பள்ளங்களிலுள்ள பனி மனிதக் கால அளவில் மீளாது. கடல்தரைக் கனிமங்களை ஒப்பிடுங்கள்: அங்கே தேசிய எல்லைகளுக்கு அப்பால் தோண்டச் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தின் ஒப்பந்தம் வேண்டும்.

வழக்கறிஞர்: அந்த ஆணையத்தை அமைத்த ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையில் அமெரிக்கா சேரவே இல்லையே!

பதில்: சேரவில்லை, 1979 ஒப்பந்தத்தையும் ஏற்கவில்லை. அவை அமெரிக்காவைக் கட்டுப்படுத்தாததால்தான் நிலவின் இடப்பற்றாக்குறை எனக்குக் கவலையளிக்கிறது. அதன் தென்துருவத்திலுள்ள ஷேக்கில்டன் பள்ளத்தின் விளிம்பைப் போல, பெரும்பாலும் வெயில் படும் மேடும் பனி இருக்கக்கூடிய பள்ளமும் அருகருகே அமைந்த இடங்கள் மிகச் சில. ஒருவர் பணியிடத்தைச் சுற்றிப் பிறர் இடையூறு செய்யாதிருக்க ஆர்ட்டெமிஸ் உடன்பாடு அனுமதிக்கும் ‘பாதுகாப்பு வளையம்’ தற்காலிகமானது என்று எழுதப்பட்டிருந்தாலும், சுரங்கம் இயங்கும்வரை அது நீடிக்குமானால், முதலில் இறங்கியவருக்கு அது வேலியாகவே பயன்படும்.

வழக்கறிஞர்: கலம் இறங்கும்போது பிறர் கருவிகள் மீது தூசி வாரியிறைக்காமல் இருக்க, அந்த வளையத்தை விட்டால் வேறு வழி?

பதில்: கலந்தாலோசனை, 1967 உடன்படிக்கையின் 9ஆம் பிரிவே அதைக் கோருகிறது. எல்லையை ஒருதலையாக வரைவதையே மறுக்கிறேன், தூசித் தடுப்பையன்று.

வாசகர்: அணுக்கரு இணைவுக்கு எரிபொருளாகக் கருதப்படும், நிலவு மண்ணிலுள்ள ஹீலியம்-3 லாபம் தருமா?

பதில்: அணுக்கரு இணைவு அறிந்தவரைக் கேளுங்கள்.

வாசகி: நிலவில் மனை வாங்கினால்...

பதில்: மேலே படிக்கவும்.

ஆசிரியர்: உயிரற்ற நிலவில் அறநெறிக்கு என்ன வேலை?

பதில்: 2024 ஜனவரியில் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் பெரெக்ரின் கலம் மனிதச் சாம்பலைச் சுமந்து புறப்பட்டபோது, நிலவைப் புனிதமாகக் கருதும் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள் எதிர்த்தனர். கலம் நிலவை எட்டவில்லை. ஆனால் அவர்களைக் கட்டாயம் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதி விண்வெளி உடன்படிக்கையில் இல்லை. உரிமத்தை வழங்கும் அரசுகளே அவ்விதியை உருவாக்கலாம். தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதியும் மேற்பார்வையும் அவற்றின் பொறுப்பு என்று 6ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் தேட வேண்டாம். அது சட்டமன்று என்று முன்பே சொல்லிவிட்டேன்.