தேசிக்காயும் கடற்பாதையும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் கலியாணமாகி எட்டு மாதம். மனைவி கொழும்பில் வளர்ந்தவர். காலிமுகத்திடலில் ஒரு சுருள் கச்சானோடு பின்னேரம் முழுக்க இருந்து கதைக்கலாம், இங்கே அப்படி ஒன்றும் இல்லையே என்கிறார். இருவராக வெளியே போவதென்றால் ஏசி போட்ட உணவகம்தான். இரண்டு தரம் போய்வந்தால் மாதக் கடைசி இடிக்கிறது. அம்மா அப்பாவோடு இருப்பதால் வீட்டிலும் தனியாகக் கதைக்க வசதியில்லை. பெரிய செலவில்லாமல் யாழ்ப்பாணத்தில் எங்கேதான் போவது?

பெயர் வேண்டாம், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

காசைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்களை அதைவிட வாட்டுவது ஊர்க்கண் என்று படுகிறது. பண்ணைக் கடற்கரையில் காற்று வாங்க ஒரு சதமும் வேண்டாம். கடலேரிக்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்கக் கொழும்பில் இருந்தே ஆட்கள் வருகிறார்கள். ஆனால் நீங்கள் போய் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் உங்கள் பெரியம்மா நடைப்பயிற்சிக்கு வந்து சேருவார். சுப்பிரமணியம் பூங்காவிலும் இதே கதைதான். நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிறீம் குடிக்கப் போனால் பாதிக் கடை உங்களுக்குத் தெரிந்த சனமாக இருக்கும்.

அதனால் ஓரிடத்தில் குந்தியிருக்க வேண்டாம் என்பேன். ஓடுகிற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவரை யாரும் அதிக நேரம் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஊர்காவற்றுறை பஸ் ஏறுங்கள். யன்னல் பக்கம் மனைவிக்கு. பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், மீன்பிடிக் கூடுகள். மாரி முடிந்த மாதங்களில் அதிர்ஷ்டமிருந்தால் பூநாரைக் கூட்டமும் கண்ணில் படும். ஊர்காவற்றுறையில் இறங்கித் துறைக்கு நடந்தால் காரைநகருக்குப் போகும் ‘பாதை’ நிற்கும். மிதவைதான், எங்கள் ஊரில் அதற்குப் பாதை என்றுதான் பெயர். மோட்டார் சைக்கிள், மீன் பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரோடும் நீங்களும் ஏறி நிற்கலாம். காசு வாங்குவதில்லை. கடக்கச் சில நிமிடம்தான், ஆனால் நடுவில் வரும் காற்று உணவகத்து ஏசியில் வராது.

அங்கேயிருந்து பார்த்தால் தண்ணீருக்குள் கடற்கோட்டை தெரியும். ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர் ஹமன்ஹீல், பன்றித் தொடையின் குதிப்பக்கம் என்று பொருள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. பசியோடு படம் வரைந்திருப்பார்கள் போல. இப்போது அதற்குள் கடற்படை நடத்தும் விடுதி இருக்கிறது. நீங்கள் வெளியே இருந்து பார்த்தால் போதும். காரைநகரில் இறங்கிப் பொன்னாலைப் பாலத்தால், வட்டுக்கோட்டைப் பக்கமாக பஸ்ஸில் திரும்பலாம். போன வழியே வரத் தேவையில்லை. நேரமிருந்தால் கசூரினா கடற்கரைக்கும் போய்வரலாம், அலை குறைவு, ஆழமும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பாட்டுப் பெட்டிகளின் சத்தத்தில் கதைக்க முடியாது.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1993இல் எங்களுக்குக் கலியாணம். பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. எங்களிடம் அதுவும் இல்லை, சைக்கிள்தான். கொக்குவிலில் கரியரில் ஏறுவேன், தெரிந்த முகங்கள் முடிந்த பிறகு பாருக்கு மாறுவேன். அப்படித்தான் ஒரு நாள் நிலாவரைக் கிணறு பார்க்கப் போனோம். அதில் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஒரு கதை உண்டே. அவர் வீட்டு மரத்துத் தேசிக்காய் ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். போட்டோம். கீரிமலைக்குப் போய்ப் பார்க்கத்தான் அப்போது வழியில்லை, அந்தப் பக்கம் சனம் முழுக்க இடம்பெயர்ந்திருந்தது.

போர் முடிந்து வீதி திறந்த பிறகு போனோம். அங்கே ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்குச் சுவரடைத்த வேறு கேணி. உங்களுக்கு அது தோதான இடமில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நான் உள்ளே குளித்துக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இவர் கத்தினார்: “இஞ்சேர், தேசிக்காய் வந்திட்டுதோ?” அன்று குளித்த அவ்வளவு பெண்களும் சிரித்தார்கள். நான் தண்ணீருக்குள் தலையை விட்டவள், மூச்சு முட்டும் வரை எழும்பவில்லை.

முழு நாள் லீவு கிடைத்தால் நெடுந்தீவு இருக்கிறது. குறிகாட்டுவானில் இருந்து படகு. குதிரைகள், கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒரு பெருக்கமரம். படகு நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள். கடல் கொந்தளித்தால் ஓடாது.

முதலில் ஊர்காவற்றுறைச் சுற்றுத்தான். கச்சான் பஸ் நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள். காரைநகரில் இறங்கியதும் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
அக்கா