முதலாளி தன் பயத்தைத் தொழிலாளர்களிடம் சொல்லலாமா?

"நிறுவனத் தலைவர் தன் பயத்தையும் கவலையையும் ஊழியர்களிடம் மனம் திறந்து சொன்னால் மரியாதை போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அண்மையில்தான் பொறுப்புக்கு வந்திருப்பீர்கள், சொல்ல முடியாத ஒரு கெட்ட செய்தியும் கையில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சொல்லலாம். ஆனால் கணக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஏற்றுமதியாளர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் தொழில். கணவர் இறந்த பிறகு பொறுப்பு என்னிடம் வந்தது. 2011 ஜனவரி இறுதியில், சாயக்கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. (அந்த உத்தரவு தவறென்று நான் சொல்லவில்லை. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்கள் உறவினர்களின் நிலமும் பாழாய்ப் போனது.) சாயம் ஏறாமல் துணி வராது, துணி வராமல் பவர் டேபிள் (தையல் மெஷின்கள்) ஓடாது. நூல் விலையும் அப்போது எக்கச்சக்கம். சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் புரட்டுவதே பெரும்பாடாக இருந்தது.

வாயைத் திறக்காதே என்றார் கொழுந்தனார். முதலாளி முகம் வாடினால் டெய்லர்கள் திங்கட்கிழமையே வேறு கம்பெனியில் உட்கார்ந்துவிடுவார்களாம். பெண் கண்கலங்கினால் கேட்கவே வேண்டாமாம். அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு முறை சரக்கு திரும்பி வந்தபோது என் கணவர் இதே கம்பெனியில் கண்கலங்கினார். அதை நல்ல மனசு என்று இன்றும் புகழ்கிறவரும் இதே கொழுந்தனார்தான்.

மாலை டீ நேரத்தில் கட்டிங் மாஸ்டர் முதல் டெய்லர்களுக்கு உதவும் கைமடிப் பெண்கள் வரை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். கைவசம் இருக்கும் துணி எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு என்று நோட்டைப் பார்த்தே படித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். குரல் நடுங்கியது உண்மை. நிலைமை சீராகும்வரை வீட்டுச் செலவுக்குக் கம்பெனியிலிருந்து எடுக்க மாட்டேன், வேறு வேலை கிடைப்பவர்கள் தாராளமாகப் போகலாம், திரும்பி வந்தால் உங்கள் மெஷின் உங்களுக்குத்தான் என்றேன். சிலர் போனார்கள். மறுநாள் கட்டிங் மாஸ்டர் வந்து, மெலஞ்ச் துணியில் தைக்கும் ஒரு கம்பெனிக்கு ஆள் போதவில்லை, கேட்டுப் பார்க்கலாமா அக்கா என்றார். அதில் பஞ்சிலேயே நிறம் ஏற்றி நூற்றுவிடுவதால் துணிக்குச் சாயப்பட்டறை வேண்டியதில்லை. அந்த வேலைதான் எங்களைக் காப்பாற்றியது. எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நான் நடித்திருந்தால் அவர் எதற்காக இதைச் சொல்லப் போகிறார்?

சிறிய கம்பெனியில் சரி, பெரிய இடத்தில் நடக்காது என்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் மாரியட் ஹோட்டல் நிறுவனத் தலைவர் ஆர்னே சோரன்சன், கணையப் புற்றுநோய் சிகிச்சையால் முடி இழந்த நிலையில், ஊழியர்களுக்கு ஒரு காணொளியில் பேசினார். கொரோனாவால் தொழில் எந்த அளவுக்கு விழுந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அந்த ஆண்டின் மீதி மாதங்களுக்குத் தனக்குச் சம்பளம் இல்லை, உயர் நிர்வாகிகளுக்குப் பாதிதான் என்று அதிலேயே அறிவித்தார். கடைசியில் குரல் தழுதழுத்தது. நட்டத்தில் தன் பங்கை முதலில் சொன்னவர் என்பதால் அந்தத் தழுதழுப்பை நான் நம்புகிறேன். ஆட்களை நிறுத்திவிட்டுத் தன் வருமானத்தில் கை வைக்காமல் அழுகிறவர், தன் பாரத்தையும் தொழிலாளி தலையிலேயே ஏற்றுகிறார்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமென்றால், பங்கு விலையைப் பாதிக்கும் தகவலைச் சந்தைக்கு அறிவிக்கும் முன் இப்படிப் பேச, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் விதிகள் இடம் தராது. அது எனக்கும் தெரியும். நான் எம்பிஏ படித்தவள் அல்ல. என் அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழில் கூட்டத்தில் ஓர் ஏற்றுமதியாளர், தலைவர்கள் மனம் திறக்க வேண்டும் என்று நெகிழ்ந்து பேசினார். என் ஜாப் ஒர்க் பில் அப்போது அவர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்பதால் எங்களில் பலர் பேசாமல் இருக்கிறோம். அவருக்கும் நெருக்கடி இருந்திருக்கலாம். அதை ஒரு போனில் சொல்லியிருந்தால், சனிக்கிழமைச் சம்பளத்துக்கு நான் முன்கூட்டியே வேறு வழி பார்த்திருப்பேன்.