போதும் என்பதற்கு ஓர் அளவு உண்டு: வாசகர் கேள்வி பதில்

சம்பளம் வருஷா வருஷம் ஏறுகிறது. ஆனாலும் இருபதாம் தேதிக்கு மேல் கையைக் கடிக்கிறது. மனத்திருப்தி எல்லாம் வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தானா?
(வாசகர், திருப்பூர்)

இல்லை. ‘ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை’ என்ற குறள் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. வரும் வழி குறுகலாக இருந்தாலும் பரவாயில்லை, போகும் வழி அகலமாகாமல் பார்த்துக்கொள் என்கிறார் வள்ளுவர். இதை அவர் வைத்திருப்பது ‘வலியறிதல்’ அதிகாரத்தில். வரவுக்குள் வாழ்வதை அவர் பலமாகவே பார்த்திருக்கிறார்.

இன்று போகாறு அகலமாகும் இடம் பெரும்பாலும் கிரெடிட் கார்டுதான். 10,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 350 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 63 ரூபாய், ஆக 413. நீங்கள் 500 ரூபாய் கட்டினால் கடனில் குறைவது வெறும் 87. இதைவிட மோசம், பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. கார்டில் தேய்த்த மளிகைக்கும் அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ‘வட்டியில்லாத் தவணை’ என்று வாங்கினாலும் அதில் மறைந்திருக்கும் வட்டிக்கு ஜி.எஸ்.டி. உண்டு, பல இடங்களில் செயல்பாட்டுக் கட்டணமும் உண்டு. ஆகவே பாக்கி தீரும்வரை கார்டை வெளியே எடுக்காதீர்கள். சம்பளம் வந்ததும் முதல் வேலை அதை அடைப்பது.

அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரே ஒரு மாதம் எழுதுங்கள். கணக்கு எழுத ஆரம்பிப்பவர்கள் பாலுக்கு, பெட்ரோலுக்கு, மருந்துக்கு என்று பதினைந்து தலைப்பு போட்டு, ஒரே வாரத்தில் சலித்து விட்டுவிடுவார்கள். உங்களுக்கு இரண்டு தலைப்பு போதும்: ‘தேடிப்போய் வாங்கியது’, ‘பார்த்ததும் வாங்கியது’. அன்றைக்கு ராத்திரியே எழுதிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எழுதலாம் என்றால் முப்பதும் ஐம்பதுமாக ஃபோனில் அனுப்பியதெல்லாம் மறந்துபோகும். மாதக் கடைசியில் இரண்டாவது தலைப்பை மட்டும் கூட்டுங்கள். அடுத்த மாதம் அதைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்தப் பார்க்காதீர்கள், மூன்றாவது மாதமே அணை உடைந்துவிடும்.

பீரோவில் எட்டுப் பட்டுப்புடவை இருக்கிறது. விசேஷம் வரட்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் கடைக்குள் நுழைந்தால் ஒன்பதாவதுக்கு மனசு அலைகிறது. ஏன் இப்படி?
(வாசகி, சேலம்)

அனுபவிக்காத பொருளை மனசு தன் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால்தான். உங்களைப் பொறுத்தவரை அந்த எட்டும் இன்னும் கடையிலேயே இருக்கின்றன.

பூட்டி வைப்பது பத்திரமும் இல்லை. ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்புக் கோட்டிலேயே இழை விட்டுப்போகும். அசல் சரிகையில் வெள்ளி இருப்பதால் ஈரம் பட்டால் கறுக்கும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். துவைத்துக் காய்ந்த, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். இரும்பு ஹேங்கர் வேண்டாம், துருக்கறை ஏறினால் போகாது. அந்துருண்டை சரிகையைத் தொடக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் அரைமணி நேரம் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, சரிகை உள்பக்கம் வருமாறு மடித்து வையுங்கள்.

இதையெல்லாம் செய்ய எளிய வழி, கட்டிக்கொள்வதுதான். மாதம் ஒன்று கட்டினால் எட்டு மாதத்தில் ஒரு சுற்று. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதும் விசேஷம்தான். செண்ட்டைப் புடவை கட்டுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் வியர்வையோடு மடிக்காமல் ஃபேன் காற்றில் இரண்டு மணி நேரம் விரித்துப் போடுங்கள். ஒரு சுற்று முடியட்டும், ஒன்பதாவது தேவையா என்று அப்போது கேட்டுப் பாருங்கள்.

திருப்தியா, சோம்பலா, எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், நாகர்கோவில்)

பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கியதைப் பார்த்தும் நிம்மதியாகத் தூங்கினால் திருப்தி. நம் வீட்டுக் குழாய் ஒழுகும் சத்தத்தைக் கேட்டும் நிம்மதியாகத் தூங்கினால் சோம்பல்.

அப்பா ரிட்டயர் ஆகி ஆறு மாதம். சமையலறை முதல் செருப்பு வைக்கும் இடம்வரை எல்லாவற்றிலும் குறை சொல்கிறார். அம்மாவின் நிம்மதியும் போய்விட்டது.
(வாசகி, மதுரை)

இத்தனை வருஷம் காலை ஒன்பதரைக்கு யாரோ அவருக்காகக் காத்திருந்தார்கள். இப்போது யாரும் இல்லை. ‘ரெஸ்ட் எடுங்கப்பா’ என்பது அன்பில் சொன்னதாகவே இருக்கட்டும், அவர் காதில் ‘நீங்க வேண்டாம்’ என்றுதான் விழும். கறிவேப்பிலை வாங்க அனுப்புவதும் போதாது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது, குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவு பார்ப்பது என்று, அவர் போகாவிட்டால் ஃபோன் வருகிற மாதிரி ஒரு வேலை வேண்டும்.

அம்மாவுக்கோ ரிட்டயர்மென்டே கிடையாது. காலைக் காபியை முழுசாக அப்பா பொறுப்பில் விட்டுவிடுங்கள். மூன்று டம்ளருக்கு, 80-20 சிக்கரி கலந்த தூள் குவியலாக நான்கு மேசைக்கரண்டி ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் போட்டு, காம்பு வைத்த தட்டால் லேசாகச் சமன் செய்யட்டும். அழுத்தினால் இறங்காது. கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு, சுமார் 150 மில்லி சுற்றி ஊற்ற வேண்டும். டிகாக்‌ஷன் இறங்கக் கால்மணி, இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பால் காய்ந்துவிடும். ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பாக இருக்கிறது அல்லது குறைவு. இறங்கவே இல்லையா? பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் தணலில் லேசாகச் சுட்டு, ஆறியதும் பிரஷ்ஷால் தேய்த்தால் திறந்துகொள்ளும். மிஞ்சிய டிகாக்‌ஷனை அடுப்பில் வைத்தால் கசக்கும், வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்துச் சூடாக்க வேண்டும்.

அம்மா முதல் வாரம் அடுப்படிப் பக்கம் போய் எட்டிப் பார்க்காமல் இருப்பது முக்கியம். முதல் டம்ளர் அவர் இருக்கும் இடத்துக்கு வரட்டும்.