சிறையிலிருந்து பதவிக்கு

அன்புள்ள ஐயா,

மியான்மரின் ஆங் சான் சூச்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வீட்டுக்காவலில் கழித்தவர், ரோஹிங்யா முஸ்லிம்களைத் தன் நாட்டு ராணுவம் இனப்படுகொலை செய்தது என்ற குற்றச்சாட்டை 2019 இல் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் மறுத்து வாதாடியதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ராணுவ ஆட்சியில் வதைபட்டு, பின்னர் பதவிக்கு வந்தும் நம்மை ஏமாற்றாத ஒருவராவது உண்டா?

ச., மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்சமும் ஏமாற்றாதவர்தான் வேண்டுமென்றால், பதவிக்கு வருமுன்பே கொல்லப்பட்டவர்களிடம்தான் தேட வேண்டும். வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் தென்கொரியாவின் கிம் டே-ஜுங்.

1971 அதிபர் தேர்தலில், ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்திருந்த பார்க் சுங்-ஹீயிடம் தோற்றார். தோற்றாலும் 45 சதவீத வாக்கு வாங்கியிருந்தார். சர்வாதிகாரிக்கு அது போதாதா? 1973 ஆகஸ்டில் கொரிய உளவுத்துறை ஆட்கள் டோக்கியோ ஹோட்டலிலிருந்து அவரைக் கடத்திக் கப்பலில் ஏற்றினார்கள். கைகால்களைக் கட்டிப் பாரங்களையும் பிணைத்தபோது, கடலில் வீசப்போகிறார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அமெரிக்கா தலையிட்டதால் உயிர் தப்பியது. ஐந்து நாள் கழித்து சியோலில் அவர் வீட்டருகே இறக்கிவிட்டுப் போனார்கள்.

1980 இல், அடுத்து ஆட்சியைப் பிடித்த தளபதி சுன் டூ-ஹ்வான் காலத்தில், ராணுவம் சுட்டு அடக்கிய குவாங்ஜு நகர மக்கள் எழுச்சியைத் தூண்டினார் என்று மரண தண்டனை. குவாங்ஜு கொந்தளித்தபோது அவர் ஏற்கெனவே காவலில் இருந்தார் என்பதெல்லாம் ராணுவ நீதிமன்றத்துக்கு ஒரு பொருட்டா என்ன! உலக நாடுகள் நெருக்கியதால் அது ஆயுள் தண்டனையானது. சிறையில் மாதம் ஒரு கடிதத்துக்குத்தான் அனுமதி. ஒற்றைத் தாளில் ஆயிரக்கணக்கான எழுத்துகளை நுணுக்கி நுணுக்கி நெருக்கி எழுதினார். இறைநம்பிக்கை, வரலாறு, பிள்ளைகளுக்கு அறிவுரை, வேண்டிய புத்தகங்களின் பட்டியல் எல்லாம் அதற்குள்ளேயே.

இத்தனை பட்டவர் 1987 இல் என்ன செய்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. மக்கள் தெருவில் இறங்கிப் போராடி நேரடித் தேர்தலைப் பெற்றுத் தந்தார்கள். எதிர்க்கட்சியின் இன்னொரு தலைவர் கிம் யங்-சாமும் இவரும் விட்டுக்கொடுக்காமல் தனித்தனியே நின்றார்கள். அவருக்கு 28 சதவீதம், இவருக்கு 27. சுன்னின் தோழரான தளபதி ரோ டே-வூ 36.6 சதவீதத்தில் அதிபரானார். சூச்சியை மன்னிக்காத நாம் இதையும் மறக்கக் கூடாது. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் பெரிய பிழை இதுதான்.

1997 இல் வேறு வழியில் வென்றார். தன்னைக் கடத்திய உளவுத்துறையை 1961 இல் நிறுவிய கிம் ஜோங்-பில்லோடு கூட்டணி வைத்தார். அவரையே பிரதமராகவும் ஆக்கினார். ஆட்சிக் கவிழ்ப்புக்கும் குவாங்ஜு படுகொலைக்கும் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த சுன்னுக்கும் ரோவுக்கும் மன்னிப்பு வழங்க, பதவியேற்கும் முன்பே சம்மதித்தார். குவாங்ஜுவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? பெருந்தன்மையா, தேர்தல் கணக்கா என்று கேட்டால், இரண்டும் என்பேன்.

அவர் ஆட்சியில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. 2000 இல் வடகொரியாவுக்குப் போனார், நோபலும் பெற்றார். 2002 இல் இரண்டு மகன்கள் ஊழல் வழக்கில் கைதானார்கள். அதிபராக இருந்தபடியே நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.