கால்டுவெல்: லண்டன் மிஷனா, ஆங்கிலிக்கனா?

நண்பரே, ஒரு நூல் கால்டுவெல்லை லண்டன் மிஷன் ஊழியர் என்கிறது, மற்றொன்று ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்கிறது, கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் போடுங்கள்; ஆண்டுகளைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.

1838இல் சென்னையில் வந்திறங்கியபோது அவர் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். 1841இல் அதிலிருந்து விலகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் எஸ்.பி.ஜி. என்ற நற்செய்தி பரப்பும் சங்கத்தில் சேர்ந்தார். சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே உதகமண்டலம் போய், சென்னைப் பேராயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்று, அங்கிருந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் ஊர்களையும் மக்கள் பேச்சையும் அருகிலிருந்து கவனித்த அந்தப் பயணத்தைத் தயவுசெய்து ஒரே வரியில் கடந்துவிடாதீர்கள். 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் படைத்த மனிதரை அதில் பார்க்கலாம்.

இன்னொன்று, உங்கள் வரைவில் ‘திருநெல்வேலி மறைமாவட்டத்தின் முதல் பேராயர்’ என்று இருக்கிறது. அதைத் திருத்திவிடுங்கள். 1877இல் கல்கத்தாவில் அவரும் எட்வர்ட் சார்ஜென்டும் சென்னைப் பேராயரின் உதவிப் பேராயர்களாகவே அபிஷேகம் பெற்றார்கள். தனி மறைமாவட்டம் அமைந்தது 1896இல். முதல் பேராயர் சாமுவேல் மார்லி. கால்டுவெல் 1891லேயே கொடைக்கானலில் காலமாகிவிட்டார். அடக்கம் செய்யப்பட்டது இடையன்குடியில், அவர் கட்டிய ஆலயத்துக்குள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.