பழைய மாருதி 800-ல் ஹீட்டர் கோர் ஒழுகினால் ஹோஸை பைபாஸ் செய்யலாமா?

செய்யலாம். ஹீட்டர் கோர் என்பது இன்ஜினின் சூடான தண்ணீரைக் கொண்டு காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்; பைபாஸ் என்றால் தண்ணீர் அதற்குள் போகாமல் ஹோஸை மாற்றி இணைப்பது. கால்மிதி ஈரமாகி, இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர்தான். ஆனால் அதற்குப் போகும், திரும்பும் இரண்டு குழாய்களையும் தனித்தனியாக அடைத்துவிடாதீர்கள். பல பழைய இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வு) மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றிவர ஹீட்டர் வழியும் உதவுகிறது. அதை அடைத்தால் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும். இன்ஜின் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் இணைப்பதே சரி.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். ஒட்டிப்போன ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் குழாய் நசுங்கும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். குழாயின் வெளிவிட்டத்தை அளந்து அதற்கேற்ற ஹீட்டர் ஹோஸ் வாங்குங்கள். தோட்டக்குழாய் சூட்டில் இளகிவிடும். மாட்டும்போது கிரீஸ், ஆயில் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். கிளாம்ப், குழாய் நுனியிலுள்ள மேட்டைத் தாண்டி உட்காரட்டும். வளைவில் ஹோஸ் மடங்கினால் வேலையே வீண். இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் அது தொடக்கூடாது.

பிறகு கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து ஊற்றி, முன்பக்கத்தை மேடாக நிறுத்தி, மூடியில்லாமல் ஐடிலில் ஓடவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்த அழுத்தக் குமிழிகள் வரும். அவை நின்று ஃபேன் ஓடியதும் நிரப்பி மூடுங்கள். ஆறியதும் அளவை மறுபடி பாருங்கள்.

இனி கண்ணாடிப் பனியை விலக்கச் சூடான காற்று வராது. ஊட்டிப் பக்கம் அதிகாலையில் ஓட்டுபவர்கள் ஹீட்டர் கோரையே மாற்றிவிடுங்கள்.